நான் ஓடிய பதினேழு நாள்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை

மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை, மைதானத்திலிருந்து நேராகக் கல்லூரிக்கு வந்தபோது, துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பதிவெண்ணைப் பார்த்தேன். வருகை குறைந்ததால் நான்காம் பருவத் தேர்வை எழுத அனுமதிக்கப்படாதவர்களின் பட்டியல் அது. என் பெயருக்கு எதிரே 63.3 என்று இருந்தது. அதே பருவத்தில்தான் பல்கலைக்கழக அணியின் சீருடையை முதன்முதலாக அணிந்து, வெளிமாநிலத்தில் நடந்த அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தேன். என்னை வாழ்த்தி நுழைவாயிலில் கட்டியிருந்த பதாகை அப்போதும் அங்கேயே இருந்தது. பட்டியலில் இருப்பது வேறு யாரோ என்று நினைத்து இரண்டு முறை எண்ணைச் சரிபார்த்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிந்தைய ஓராண்டில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பாலானவை, முதலாண்டிலேயே யாராவது அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் போதுமானவை. எனக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஊரிலிருந்து விளையாட்டை நம்பிக் கல்லூரிக்கு வரும் ஒரு பெண்ணுக்காவது பயன்படட்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பாலக்கோட்டுக்கு அருகே, தக்காளியும் கேழ்வரகும் விளைகிற ஒரு சிற்றூர் எங்களுடையது. அரசுப் பள்ளியில் படிக்கும்போதே மாநில அளவிலான பள்ளிப் போட்டிகள் வரை ஓடியிருந்தேன். கல்லூரிச் சேர்க்கையில் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரரின் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு முதலில் நடக்கும் சிறப்புக் கலந்தாய்வில்தான் தருமபுரியில் எனக்கு இளம் அறிவியல் வேதியியல் கிடைத்தது. வேதியியலை நானேதான் கேட்டு வாங்கினேன். உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஓடவும் வேண்டும், ஆய்வகத்தில் வேலை பார்க்கவும் வேண்டும் என்று இருந்தது. என் பயிற்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், இந்திய ஓட்டக்காரி டின்டு லூகா 2010-ல் 800 மீட்டரில் தேசியச் சாதனையாக ஓடிய 1 நிமிடம் 59.17 நொடி என்ற நேரத்தையும் அதற்குக் கீழே என்னுடைய 2 நிமிடம் 21 நொடியையும் எழுதி வைத்திருந்தேன். அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தனிம வரிசை அட்டவணை ஒட்டியிருந்தது.

முதலாண்டில் என் நாள் அதிகாலை நான்கரைக்குத் தொடங்கியது. முதல் பேருந்தைப் பிடித்து மாவட்ட விளையாட்டரங்கத்துக்கு வந்து, ஐம்பது அறுபது நிமிடங்கள் ஓடிவிட்டு, அங்கேயே முகம் கழுவி உடை மாற்றி, டப்பாவில் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, ஒன்பதரைக்கு வகுப்பில் உட்காருவேன். மாலை நான்கிலிருந்து ஆறு வரை மறுபடி பயிற்சி. வீடு சேர ஏழரையாகிவிடும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததும், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்ததும் இல்லாவிட்டால் என்னால் ஓராண்டுகூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அந்தப் பணத்தைச் சேர்த்துத்தான் என் முதல் ஸ்பைக்ஸை, அதாவது அடியில் முள் வைத்த ஓட்டக் காலணியை, 3,600 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் இரண்டு பருவங்களிலும் அரியர் இல்லாமல் தேறியதால், இந்த வாழ்க்கையை மூன்றாண்டும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. என் வகுப்புப் பொறுப்பாசிரியைக்கு நான் வகுப்பில் இருக்கும் ஐந்து மணி நேரம் மட்டுமே தெரியும். பயிற்சியாளருக்கு மைதானத்தில் இருக்கும் மூன்று மணி நேரம் மட்டுமே தெரியும். உடற்கல்வி இயக்குநருக்குப் போட்டித் தேதிகள் தெரியும். கல்லூரிக்குள்ளேயே நடக்கும் என் இன்டர்னல் தேர்வு என்றைக்கு என்பது தெரியாது. வீட்டில் இருந்தவர்களுக்கு நான் களைத்து வருவது மட்டும் தெரியும். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு என்மீது அன்பாகவே இருந்தார்கள். ஆனால் என் நாள் முழுவதையும் ஒரே தாளில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் தாளை நான்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது, பட்டியலில் என் பெயர் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது அந்தப் பதினேழு நாள்களுக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழக அணிக்கான பத்து நாள் பயிற்சி முகாமுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அது முடிந்ததும் ரயில் பயணமும் போட்டியும் சேர்ந்து ஏழு நாள்கள். புறப்படும்போது உடற்கல்வி இயக்குநர், "நீ போய் நல்லா ஓடிட்டு வாம்மா, ஓ.டி. எல்லாம் வந்து போட்டுக்கலாம்" என்று சொன்னார். ஓ.டி. என்பது ஆன் டியூட்டி; கல்லூரிக்காக வெளியே போன நாள்களை வருகையாகவே பதிவது. அவர் மனதாரத்தான் சொன்னார். அதற்கு முன்பு நான் கொடுத்த கடிதங்களில் தட்டாமல் கையெழுத்திட்டவர் அவர். நான் அரையிறுதிக்குத் தகுதி பெறவில்லை. 2 நிமிடம் 19.4 நொடியில் ஓடி, ஹீட்ஸ் எனப்படும் முதல் சுற்றோடு திரும்பினேன். அது என் வாழ்நாளின் சிறந்த நேரம் என்பதால் மகிழ்ச்சியோடுதான் திரும்பினேன். வந்த வாரத்திலேயே இன்டர்னல் தேர்வு தொடங்கிவிட்டது. அதை முடித்துவிட்டுக் கடிதம் வாங்கலாம் என்று இருந்தேன். அதன் பிறகு ஆறு நாள்கள் இன்னொரு போட்டி. அதற்கான கடிதம் மட்டும் முறையாகத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரி நடுவில் உடற்கல்வி இயக்குநருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவரிடம் மார்ச் மாதம் போய் நின்றபோது, தாம் பொறுப்பில் இல்லாத காலத்துக்குத் தாம் எப்படிக் கையெழுத்திட முடியும், பல்கலைக்கழகத்திலிருந்து பங்கேற்புக் கடிதம் வாங்கி வா என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஐந்து முறை அலைந்து அது என் கைக்கு வந்தபோது ஜூன் மாதம் ஆகியிருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் கடந்திருந்தது.

கணக்கைச் சொன்னால்தான் இது எவ்வளவு சிறிய இடைவெளி என்பது புரியும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள்கள். தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். அதாவது 68 நாள்கள். எங்களுக்கு இருந்த விதிப்படி 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்கள் அபராதக் கட்டணம் செலுத்தி எழுதலாம். 65-க்குக் கீழே போனால் அந்த முறை எழுத முடியாது, அடுத்த முறைதான் எழுத வேண்டும். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். 75 என்ற எண் பரவலாக எல்லா இடத்திலும் உண்டு. மற்ற எண்களை உங்கள் கல்லூரிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பில் இருந்தது 51 நாள்கள், பதிவான ஓ.டி. 6 நாள்கள், மொத்தம் 57. விடுபட்ட பதினேழையும் சேர்த்திருந்தால் 74 நாள்கள், 82 சதவீதம். அவ்வளவு வேண்டாம், இன்னும் இரண்டே இரண்டு நாள்கள் பதிவாகியிருந்தால் 65-ஐத் தாண்டி அபராதத்தோடு எழுதியிருப்பேன். மீதி 16 நாள்களில் என் தவறும் இருக்கிறது. காலைப் பயிற்சி நீண்டு முதல் மணி நேரத்தைத் தவறவிட்ட ஒவ்வொரு நாளும் அரை நாள் விடுப்பாகப் பதிவாகியிருக்கிறது. அப்படிப் பதினெட்டு காலைகள், ஒன்பது நாள்கள். பத்து நிமிடத் தாமதம் அரை நாளாக மாறுகிறது என்பதை நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகையால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: போட்டிக்குப் போய்விட்டு வந்து கடிதம் கொடுப்பது என்ற பழக்கமே கூடாது. அணித் தேர்வு அறிவிப்பு வந்த அன்றே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டு, உடற்கல்வி இயக்குநர், வகுப்புப் பொறுப்பாசிரியர், துறைத் தலைவர், முதல்வர் ஆகிய நால்வரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும். கடிதத்தை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றைத் துறையில் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் முடியும் நாளில் அணி மேலாளரிடம் பங்கேற்புக் கடிதத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள்; பயணத்துக்குப் போன நாள்களும் அதில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். ரயிலில் போன இரண்டு நாள்களையும் பணி நாள்களாகக் கொள்ள வேண்டும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அவை வெறும் விடுப்பு. மாதக் கடைசியில் ஒருமுறை வருகைப் பதிவேட்டில் உங்கள் வரியைக் காட்டும்படி பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நம்பாமல் கேட்பதாக நினைத்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். பிறகு நான் கேட்கத் தொடங்கியபோது அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

பட்டியல் வந்த அன்று வீட்டில் சொல்லவில்லை. மூன்று நாள்கள் வழக்கம்போலக் கிளம்பி மைதானத்துக்குப் போய், ஓடாமல் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் அம்மா, "என்ன கண்ணு, காலெல்லாம் மண்ணே இல்லாம வர்ற" என்று கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓடறத விட்டுடு பாப்பா" என்றார். கோபத்தில் சொன்னதாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். என்னைக் காப்பாற்றும் எண்ணத்தில் சொன்னதால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் உறவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். நான் தோற்றால் எனக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சித்தப்பா மகள்களுக்கும் அது காரணமாகக் காட்டப்படும் என்ற பயம்தான் என்னை மிகவும் அழுத்தியது. அந்த வாரங்களில் வகுப்புத் தோழிகளிடமும் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். எல்லாரும் தேர்வெழுதிக்கொண்டிருந்த ஏப்ரல் முழுவதும் யாருக்கும் தெரியாமல் வீட்டில் கிடந்ததுதான் அந்த ஆண்டில் நான் எடுத்த மிக மோசமான முடிவு.

இதற்கிடையில் உடம்பு இன்னொரு கணக்கைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தது. பிப்ரவரியிலிருந்தே நேரம் மோசமாகிக்கொண்டு வந்தது. 400 மீட்டரை எட்டு முறை ஓடும் பயிற்சியில் நான்காவதிலேயே கால் கனத்துவிடும். படிக்க உட்கார்ந்தால் ஒரே பத்தியை நான்கு முறை படிப்பேன்; அப்படியும் மனதில் நிற்காது. உடன் ஓடிய ஓர் அக்கா, "ராத்திரி போன் பார்க்கிறாயா" என்று கேட்டார். பயிற்சியாளர் என் மன உறுதி குறைந்துவிட்டது என்றார். நானும் என்னைச் சோம்பேறி என்றே நம்பினேன். மே மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் மிகக் குறைந்திருந்தது. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம், காலையில் வெறும் தேநீர், மதியம் ஆறிய சோறு என எல்லாம் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன.

களியும் கீரையும் சாப்பிடும் வீட்டுப் பெண்ணுக்கு இரும்புச் சத்து எப்படிக் குறையும் என்று அம்மா மருத்துவரிடம் கேட்டார். அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே பதிவு செய்கிறேன். கேழ்வரகின் பெரிய பலம் சுண்ணாம்புச் சத்து; அதில் உள்ள இரும்பை நம் உடல் எடுத்துக்கொள்வதை அதிலேயே இருக்கும் பைட்டேட் போன்ற பொருள்கள் தடுக்கின்றன. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் இன்னும் தடுக்கின்றன. மாறாக எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் போன்றவற்றில் இருக்கும் வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவுகிறது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூரில், இன்றைய தருமபுரியில், பிறந்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு நெல்லிக்காய் கடிக்க வேண்டும் என்பதை இருபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, தேநீருக்கும் பாலுக்கும் தள்ளி எடுத்துக்கொண்டேன். மலம் கருப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நடுவில் நிறுத்திவிட்டேன். அது அந்த மாத்திரையின் இயல்பு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் மூன்று வாரங்கள் வீணாகியிருக்காது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும் என்பதால் மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. இன்னொன்று: இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றும் சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால், நீங்கள் போட்டிகளில் ஓடுபவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில், மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணங்கள் இல்லாமல் 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறை. கல்லூரிப் பெண்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஓடும் பெண்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் அதற்குச் செலவில்லை. நேரமும் மதிப்பெண்ணும் ஒன்றாகச் சரியும்போது மனதைக் குறை சொல்வதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்.

ஜூன் மாதம் ஐந்தாம் பருவம் தொடங்கியது. நவம்பரில் அந்தப் பருவத்தின் ஆறு தாள்களோடு நான்காம் பருவத்தின் ஐந்து தாள்களையும் ஒரு செய்முறைத் தேர்வையும் எழுத வேண்டும். பதினோரு தாள்கள் என்று எழுதிப் பார்த்தபோது கை நடுங்கியது. அந்த நிலையில்தான் வகுப்புப் பொறுப்பாசிரியையிடம் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பெரிய தாளை எடுத்து, ஜூலையிலிருந்து நவம்பர் வரை கட்டங்கள் போடச் சொன்னார். இன்டர்னல் தேதிகளை நீலத்திலும், போட்டிகளைச் சிவப்பிலும், செய்முறை வகுப்புகளைப் பச்சையிலும் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், "இந்தத் தாளை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். அதன் ஒரு படியைப் பயிற்சியாளரிடமும் கொடுத்தேன். என் இன்டர்னல் வாரத்தில் கடும் பயிற்சி வைக்காமல் நகர்த்த முடியும் என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். இத்தனை நாளும் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாளை வைத்துப் பார்த்தபோது தெரிந்த சில செய்திகள் எந்தப் பாடம் படிப்பவருக்கும் பொருந்தும். தவறவிடக்கூடிய வகுப்பும் தவறவிடக் கூடாத வகுப்பும் வெவ்வேறு. கோட்பாட்டு வகுப்பு போனால் தோழியின் நோட்டிலிருந்து எழுதிக்கொள்ளலாம். உப்புப் பகுப்பாய்வை நோட்டில் படித்துக் கற்க முடியாது; சோதனைக் குழாயில் வண்ணம் மாறுவதைக் கண்ணால் பார்த்திருந்தால்தான் தேர்வறையில் கை ஓடும். முகாமின்போது நான் தவறவிட்ட நான்கு செய்முறை வகுப்புகளை, வேறு பிரிவினரோடு சேர்ந்து செய்து முடிக்க ஆய்வக உதவியாளரிடம் அனுமதி கேட்டேன், கிடைத்தது. செய்முறைகளை எழுதும் ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கி முடித்துவிட வேண்டும். சேர்த்து வைத்து எழுதிய ரெக்கார்டு இரண்டு இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

படிப்பின் கடினத்தையும் பயிற்சியின் கடினத்தையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது. எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் கடும் ஓட்டம். அந்த இரவுகளில் இயற்பியல் வேதியியலின் வெப்ப இயக்கவியலைத் தொட்டால் ஒன்றும் ஏறாது. அன்றைக்கு ரெக்கார்டு எழுதுவது, சமன்பாடுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பது ஆகிய கைவேலைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். லேசான ஓட்டம் உள்ள புதனிலும் ஞாயிறிலும் கடினமான பாடம். அந்தச் சீட்டுகளைப் பேருந்தில் படித்தேன். போக வர இரண்டு மணி நேரம் என்பது சிறிய நேரமன்று. இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. முக்கியமான போட்டிக்கு முந்தைய பத்து நாள்களில் உடல் தேறட்டும் என்று பயிற்சியின் அளவைக் குறைப்பார்கள். இரண்டாண்டுகளாக அந்த நாள்களைப் பதற்றத்திலேயே கழித்து வந்தேன். உண்மையில் ஓர் ஓட்டக்காரிக்குப் படிக்க அதிக நேரம் கிடைப்பது அப்போதுதான். அதேபோல் தேர்வு நாள்களில் வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் மட்டும் ஓடினேன். பத்து நாள் குறைத்து ஓடுவதால் ஒரு பருவம் முழுவதும் சேர்த்த வேகம் கரைந்துவிடாது; ஓட்டத்தை முழுவதும் நிறுத்தினால் எனக்குத் தூக்கம்தான் கெட்டது. தூக்கத்தை மட்டும் எதற்காகவும் வெட்டவில்லை. இரவு ஒன்பதரைக்குப் படுத்தேன். நான்கரைக்கு எழுபவள் பதினொன்றரை வரை படிப்பது உழைப்பு என்று முதலாண்டில் பெருமைப்பட்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் படித்தது மறுநாள் எதுவும் நினைவில் நின்றதில்லை.

அந்த நவம்பரில் பதினொன்றில் பத்துத் தாள்களில் தேறினேன். வெளித் தேர்வில் 75-க்கு 30 எடுத்தால் தேர்ச்சி. வெப்ப இயக்கவியல் தாளில் 28 வந்தது. அதை ஏப்ரலில் எழுதி முடித்தேன். ஆனால் அந்தப் பருவத்தில் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு நான் போகவில்லை. உடம்பும் தயாராக இல்லை, தாள்களும் விடவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 25 வயது வரைதான் ஓட முடியும். ஊரிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு முன்பே வேலையோ திருமணமோ வந்துவிடும். அதனால் போன ஒரு பருவத்தை நான் இன்றும் மனம் ஆறாமல்தான் எண்ணிப் பார்க்கிறேன். பணமாகப் போனது, நான்காம் பருவத்துக்குக் கட்டித் திரும்பாத தேர்வுக் கட்டணம் 1,180, கடிதத்துக்காக அலைந்த பயணச் செலவு 1,300, வெளியில் செய்த பரிசோதனைகளும் மருந்துகளும் 2,050, இயற்பியல் வேதியியலுக்கு வைத்த தனி வகுப்பு 4,000. ஆக 8,530 ரூபாய். தக்காளி விலை விழுந்திருந்த அந்த மாதங்களில் அப்பா அதை எப்படிப் புரட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேறியவர்களுக்குரிய சிறப்பு வகுப்பும் தரவரிசையும் எனக்கு இனி இல்லை என்பது பணக் கணக்கில் வராத இழப்பு.

கடைசியாகச் சான்றிதழ்களைப் பற்றி. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் போட்டியில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழ் மட்டும் போதாது. உரிய படிவத்தில் உரிய அதிகாரி கையெழுத்திட்டிருக்க வேண்டும். நாட்டுக்காக ஆடியவர்களுக்கு முதலாம் படிவம், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்களுக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர்களுக்கு மூன்றாம் படிவம். மூன்றாம் படிவத்தில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். படிப்பை முடித்து ஊருக்குப் போன பின் இந்தப் படிவத்தைத் தேடுவதைவிட, ஓடிய ஆண்டிலேயே வாங்கிவிடுவது எளிது. அணிப் பட்டியல் அலுவலகத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், உங்களை அறிந்தவர்களும் அங்கே இருப்பார்கள். நான் என் பருவத்துக்கான படிவத்தை ஓராண்டு கழித்துக் கேட்டபோது, போட்டிச் சான்றிதழில் என் முன்னெழுத்து மாறி அச்சாகியிருந்தது தெரியவந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. போட்டிக்குப் பெயர் அனுப்பியபோது யாரோ ஊரின் எழுத்தையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நுழைவுப் படிவத்தில் நானேதான் சரிபார்க்காமல் கையெழுத்திட்டிருந்தேன். திருத்தி வாங்க ஐந்து வாரங்கள் ஆயின.

இறுதிப் பருவத்தில் மாவட்ட அளவிலான முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரிப் பிரிவில் ஓடினேன். அதற்கு இரண்டு நாள்கள் முன்பாகவே கடிதத்தின் இரண்டு படிகளையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனபோது, பொறுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து, என் கண்ணெதிரிலேயே அந்தத் தேதிகளில் ஓ.டி. என்று பென்சிலால் குறித்துவிட்டு, இரண்டாம் படியில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தப் படி இப்போது மூன்றாம் படிவத்தோடு ஒரே உறையில் இருக்கிறது.